ஒன்பதாம் நாள் உச்சம்

வேலாங்காட்டுப்பாளையம் பேரூராட்சி.
ஆறாயிரத்து எண்ணூறு பேர்,
இருநூற்றுச் சொச்சம் தறிக்கூடம்,
இரண்டு கல்யாண மண்டபம்.
சராசரி ஓட்டம் நொடிக்கு ஏழு லிட்டர்.
உச்சத்துக்கு மூன்றால் பெருக்கு என்றது கையேடு.
பெருக்கினேன். இருபத்தொன்று.
சரியாகத்தான் இருந்தது
ஒன்பதாம் நாள் வரை.

ஒன்பதாம் நாள் ஆத்துத்தண்ணி விடுவார்கள்.
குழாயில் காற்று சீறும் முன்பே
ஊர் மொத்தமும் டிரம்மைச் சாய்க்கிறது.
எட்டு நாள் மூடி போட்டுக் காத்து
சொம்பு சொம்பாய் எண்ணி மொண்டது
இப்போது பழசாகிவிட்டதாம்.
விடிகாலை ஐந்தே காலுக்கு
என் அளவுப்பலகையில் இருபத்தெட்டு.
பஞ்சத்துக்கும் ஒரு வெள்ளம் உண்டென்று
எந்த அட்டவணையும் சொல்லவில்லை.

மூன்று ராத்திரி வாய்க்கால் மேட்டில் இருந்தேன்,
டார்ச், நோட்டு, கொசுவத்தி.
பன்னிரண்டுக்கு மேல் விரல்தடி ஓட்டம்.
தறிச்சத்தம் மட்டும் வற்றவில்லை.
மூன்று பத்துக்குத் தினமும்
கோடு ஒரு நூல் ஏறி இறங்கும்,
ஒரே ஒரு வாளி அளவு.
எந்த வீடோ, என்ன உபாதையோ.
இந்த ஊரில் எனக்குத் தெரிந்த ஆள்
அந்த ஒருவர்தான்.

அப்புறம் ஓதிச்சாமி.
பழைய கம்பிவலையைத் தினம் இரண்டு வேளை வழிப்பவர்.
என் வயதுதான் இருக்கும், முப்பத்து நாலு.
வாரியில் வருவதை வரிசையாகப் போடுவார்:
முகூர்த்த நாளென்றால் வாழையிலை,
ஷாம்பு பாக்கெட், தேங்காய் நார்,
தறிக்கூடத்துக் கழிவுநூல்.
நூலும் தலைமுடியும் சந்தித்துக்கொண்டால்
ஊரில் எந்தத் தறியும் நெய்யாத ஒரு கயிறு.
கத்திக்கும் அறுபடாது.

"ஏனுங் மேடம், கம்பிய எத்தன சாய்ப்புல வெக்கறீங்க?"
அறுபது டிகிரி என்றேன்.
ஒன்றும் பேசாமல் வாரியை நீட்டினார்.
பன்னிரண்டு இழுப்பு என்பது கணக்கு.
ஏழாவதில் என் இடுப்பு நின்றுவிட்டது.
அவர் பீடி பற்றவைக்க அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டது
மரியாதையா, சிரிப்பா, தெரியவில்லை.
அழித்தேன். நாற்பத்தைந்து.
கம்பிக்குக் கம்பி இருபது மில்லிமீட்டர்.
வாரிப்போட்டது வடிய, ஓட்டை போட்ட மேடை.

மணல் தொட்டி இரண்டு.
ஒன்று ஓடும்போது ஒன்றை அள்ள வேண்டும்.
நொடிக்கு முப்பது சென்டிமீட்டர் நடை.
கூடினால் மணலும் கூடவே ஓடிப்போகும்,
குறைந்தால் சோற்றுப்பருக்கையும் தங்கி நாறும்.
கோலப்பொடி, செம்மண், முட்டையோடு,
கட்டிட வேலைக்காரர் கை கழுவிய சிமெண்ட்
எல்லாம் இங்கே இறங்கிக்கொள்ள வேண்டும்,
மற்றது போகட்டும்.
ஏழு வந்தாலும் இருபத்தெட்டு வந்தாலும்
அதே நடை நடக்கவைக்கத்தான்
கடைசியில் அந்தக் குறுகல்,
அளவைக் கால்வாயின் ஒடுங்கிய தொண்டை.
அதை வரைய மட்டும் எனக்கு நாலு நாள்.

நடுவில் ஒருநாள் வலையில் ஒரு பல்செட் சிக்கியது.
மேல்வரிசை முழுசாக.
பினாயிலில் அலசி மதில்மேல் வைத்தார் ஓதிச்சாமி.
யார் பல்லென்று ஊருக்கே தெரியுமாம்.
யாரும் வரவில்லை.

செயல் அலுவலர் வரைபடத்தை விரித்தார்.
"கைகழுவக் குழாய் எதுக்குங்க?
ஊருக்கே ஒம்பது நாளைக்கு ஒருக்காத்தானே."
சிவப்பு மையில் ஒரு கோடு.
தணிக்கைக்குப் பதில் சொல்லவேண்டியவர்,
தப்பில்லை அவர்மேல்.

ராத்திரி மதிப்பீட்டைத் திரும்பத் தட்டினேன்.
வரிசை எண் பதினான்கு:
ஓட்டமானி, உதிரிப்பாகங்களுடன்.
உதிரிப்பாகமாவது
ஐந்நூறு லிட்டர் தொட்டி ஒன்று,
முழங்கையால் திருப்பும் குழாய் ஒன்று,
சோப்பு வைக்க ஒரு மாடம்.
மாடத்தைக் கொஞ்சம் அகலமாகவே போட்டேன்.
பல்லும் அங்கேயே இருக்கட்டும்,
யாராவது வந்து கேட்கும்வரை.